அடுத்த கட்டுரையில் தீர்ப்போம்

ஏழு கடல் தாண்ட வேண்டாம், ஏழாம் நம்பர் பஸ் ஏறினாலே வந்துவிடும் ஒரு கல்லூரி. அங்கே திருவேங்கடம் என்று ஒரு கம்ப்யூட்டர் பேராசிரியர். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்வார்.

அவருடைய ஆராய்ச்சி வகுப்பில் இசக்கியம்மாள் என்ற பெண் சேர்ந்தாள். முதல் நாளே சந்தேகம் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

"உனக்குத் தனி வேலை. யாருமே தீர்க்காத ஒரு பிரச்சினையைக் கொண்டு வா. அது முக்கியம்னு ஒரு பெரிய அறிஞர் எழுதியிருக்கணும். இன்னும் தீரலைங்கிறதுக்கும் அவரே சாட்சி சொல்லணும். நாளைக்குள்ள வரலைன்னா, இந்த வகுப்புல உனக்கு இடமில்லை."

"சரிங்க சார்."

மறுநாள் அவள் ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியை வாசித்தாள். "தவறான தகவல் வந்தால் இந்த முறை தாங்குமா என்பது மிக முக்கியமான கேள்வி. அதை அடுத்த கட்டுரையில் தீர்ப்போம்."

அதே அறிஞரின் அடுத்த கட்டுரையை எடுத்தாள். கடைசியில் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி. வகுப்பு சிரித்தது.

பேராசிரியரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாரும்மா அந்தச் சோம்பேறி?"

"அப்படிச் சொல்லாதீங்க சார். பெரிய அறிஞர். நீங்கதான்."

அவர் கட்டுரையைப் பிடுங்கிப் பார்த்தார். முதல் பெயர் அவருடையதுதான்.

"முக்கியமில்லாத பிரச்சினைன்னா சொல்லுங்க சார், வேற தேடுறேன்."

"இல்லை, இல்லை. முக்கியம்தான். நீயே எடுத்துப் பண்ணு."

"நன்றி சார். இதுல முதல் பேர் என்னுதுதானே?"

அவர் சரியென்று தலையாட்டினார்.

வகுப்பு கலைந்தது. பேராசிரியர் மட்டும் உட்கார்ந்து, தம் கட்டுரையை முதல் தடவையாக முழுசாக வாசித்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவரும் போனார்.