பாதிரியார் வைக்காத பந்தயம்

ஸ்பெயின் பக்கத்து ராஜா ஒருவர் மத விவாதத்துக்கு அழைத்ததும், யூதத் தெருவின் படித்தவர்களெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துவிட்டார்கள். தையல்காரர் அஸ்துருக்தான் போனார். எதிரே பாதிரியார் பெர்னாத். போன வருஷம்வரை அவரும் யூதர்தான்; மதம் மாறியபின் கால் தரையில் படவில்லை.

“வெற்றி எனக்கே நிச்சயம். நீ தோற்றால் உன் தெருவே ஞானஸ்நானம் பெறவேண்டும்,” என்றார்.

“ஆகட்டும், மகாராஜா. நாங்கள் ஜெயித்தால் இவர் எங்களிடமே திரும்பட்டும்,” என்றார் அஸ்துருக்.

“நியாயம்தான்,” என்றார் ராஜா.

பாதிரியாருக்கு வியர்த்தது. மாறியவர் பழைய மதத்துக்குத் திரும்பினால் உயிரோடு கொளுத்துவது அந்நாட்டுச் சட்டம்.

“நாங்கள் தெருவையே வைக்கிறோம், சுவாமி. நீங்கள் உங்கள் ஒருவரை வைக்கக் கூடாதா? வெற்றிதான் நிச்சயமாயிற்றே.”

பாதிரியாருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு வாதத்துக்கு நாள் குறித்தபோதெல்லாம் மறுபடியும் கட்டிக்கொண்டது.