பீரோவும் கட்டிலும் வாங்கிய வீடு

ஒரு நகரத்தில் வீடுகளை மனிதர்கள் வாங்குவதில்லை. தட்டுமுட்டுச் சாமான்களே வாங்கிக்கொண்டிருந்தன. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம். மனிதன் பகலெல்லாம் வெளியே திரிகிறான். வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பவை சாமான்கள்தாம்.

அந்த நகரத்தில் ஓர் இரும்பு பீரோவும் ஒரு வேங்கைமரக் கட்டிலும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தன. சேர்ந்து என்பது கொஞ்சம் மிகைதான். அவற்றின் வாடகை வீட்டில் படுக்கையறை மிகச் சிறியது. கட்டில் உள்ளே போனதும் அறை நிரம்பிவிட்டது. பீரோ கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது. பதினோரு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத்தான் குடும்பம் நடந்தது. காய்ச்சலா, தலைவலியா என்று விசாரிப்பதைக்கூடச் சுவர் வழியாகவே செய்தன. இரண்டுக்கும் இருந்தது ஒரே ஆசை. சொந்தமாக ஒரு வீடு. அதில் இருவரும் ஒரே அறையில்.

அதே தெருவில் ஓர் இஞ்ச் டேப் இருந்தது. வீடு பார்க்கப் போகிறவர்களோடு கூடப் போய், அளந்து, உள்ளதை உள்ளபடி சொல்வது அதன் தொழில். எந்தக் கட்டுமானக் கம்பெனியிலும் அது வேலை பார்க்கவில்லை. நுனியில் கொஞ்சம் துரு, பேச்சில் கொஞ்சம் துடுக்கு.

பீரோ விஷயத்தைச் சொன்னதும் டேப் ஒன்றைத்தான் வற்புறுத்தியது. "எந்த இடமா இருந்தாலும் முதல் தடவை போகும்போதே என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே. ரெண்டாவது தடவை கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை."

பீரோ தலையை ஆட்டிவிட்டு வந்தது. தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று மனைவியிடம் விளக்கியும் வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்றின் கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டும் திரும்பிக்கொண்டிருந்தன. வழியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம். வாசலில் கொடிகள், பலூன்கள், பன்னீர் தெளிக்க ஒரு ஆள். சும்மா பார்ப்பதற்கு என்ன காசா பணமா என்றது கட்டில். இரண்டும் உள்ளே நுழைந்தன.

கேட்டில் ஒரு தடித்த பதிவேடு உட்கார்ந்திருந்தது. பெயர் கேட்டது, போன் நம்பர் கேட்டது, யாரோடு வந்திருக்கிறீர்கள் என்றும் கேட்டது.

"யார்கூடவும் இல்லைங்க. நாங்களாத்தான் வந்தோம்" என்றது பீரோ, சற்றுப் பெருமையாகவே.

பதிவேடு 'நேரடி வருகை' என்று எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டது. வாசலில் போடும் கையெழுத்தை யார் படித்துவிட்டுப் போடுகிறார்கள்?

விற்பனை அறையில் நீல வெல்வெட் சோபா ஒன்று இருந்தது. அதுதான் மேனேஜர். அதனிடம் சிக்கியவர்கள் சீக்கிரம் கிளம்ப முடியாது. அவ்வளவு மெத்தென்ற சுபாவம். மோர் கொடுத்து, கல்யாணம் நன்றாக நடந்ததா என்று விசாரித்து, பத்தே நிமிடத்தில் பதினோரு வருடச் சுவரின் கதையைக் கேட்டு வாங்கிவிட்டது. கேட்டு முடித்ததும் பஞ்செல்லாம் கரைந்துபோன மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது.

"சார், புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கத்தானே சார் நாங்க வீடே கட்டுறோம்."

பிறகு மாதிரி வீட்டைக் காட்டியது. மாதிரி வீட்டின் படுக்கையறையில் வெள்ளை விரிப்பும் ஆறு தலையணைகளுமாக ஓர் இளங்கட்டில் படுத்திருந்தது. பீரோ தயங்கித் தயங்கி உள்ளே போய், அதன் கால்மாட்டில் நின்று, தன் இரண்டு கதவுகளையும் மெதுவாகத் திறந்தது. அவை எதிலும் இடிக்காமல் முழுவதும் விரிந்தன. பீரோவுக்கு நம்ப முடியவில்லை. மூடிவிட்டு இன்னொரு தரம் திறந்து பார்த்தது.

அறை வாசலில் நின்ற கட்டிலுக்குச் சட்டமெல்லாம் கிறீச்சிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, நீ எத்தனை அடி என்று அந்த இளங்கட்டிலைக் கேட்டது.

"உங்க அளவுதான் ஆன்ட்டி. ஆறேகால்" என்றது இளங்கட்டில், கூரையைப் பார்த்துக்கொண்டே.

கட்டிலுக்கு அது தன்னைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் பாவம், பதினோரு வருடமாக வேறொரு கட்டிலை அது பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று கேள்விப்பட்டிருந்தது. வயதாகி நான்தான் ஊதிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. வெட்கத்தில் அதன் பக்கத்தில் போய் நின்று பார்க்கவும் இல்லை. பொய்யை வெளியே தேடாமல் குற்றத்தைத் தன் உடம்பில் தேடுகிறவர்களை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

பீரோவோ தன் கதவு திறந்த சந்தோஷத்தில், அறைக்குக் கதவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் இரண்டும் இஞ்ச் டேப்பைக் கூட்டிக்கொண்டு வந்தன. பதிவேடு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது. பீரோவையும் கட்டிலையும் உள்ளே போகச் சொன்னது. டேப்பை மறித்தது.

"நேத்து நேரடியா வந்தீங்கன்னு எழுதியிருக்கு. நேரடியா வந்தவங்க அப்புறம் வெளியாளைக் கூட்டிட்டு வரக் கூடாது. ரூல்."

இப்படி ஒரு விதியை வேறெங்கும் காண முடியாது. முதல் வாய்தாவுக்குத் தனியாக வந்தாய், இனி வக்கீல் வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்வதில்லை. முதல் நாள் தனியாக வந்தாய், ஆபரேஷனுக்கு உன் அண்ணன் வரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. ஆயுசுக்கும் ஒரே தரம் வாங்குகிற வீட்டுக்கு மட்டும், தெரியாமல் ஒரு நாள் தனியாக வந்ததற்குத் தண்டனை, கடைசிவரை தனியாகவே வருவது.

சத்தம் கேட்டுச் சோபா அசைந்து அசைந்து கேட்டுக்கு வந்தது. டேப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது. பிறகு பீரோவைத் தனியாக அழைத்துப்போய், இவர்களை எல்லாம் நடுவில் விட்டால் கமிஷன் போகும், இல்லாவிட்டால் அது உங்களுக்கு மிச்சம் என்று காதோடு சொன்னது. தவிர, அளப்பதற்குக் கம்பெனியிலேயே ஒரு டேப் இருக்கிறது என்றது.

கம்பெனி டேப் தோல் உறையிலிருந்து வெளியே வந்தது. தங்க நிறம். வெளிச்சுவருக்கு வெளியே ஆரம்பித்து, எதிர்ச்சுவருக்கு வெளியே முடித்து, அதோடு மாடிப்படியில் கொஞ்சம், லிஃப்டில் கொஞ்சம், ஜெனரேட்டர் அறையில் கொஞ்சம் சேர்த்து, ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடி என்றது.

"லிஃப்டுல என் பங்குல போய் நான் படுக்க முடியுமாங்க?" என்றது கட்டில்.

"மேடம் ரொம்ப ஜோக் அடிக்கிறாங்க" என்று சோபா ஸ்பிரிங்கெல்லாம் குலுங்கச் சிரித்தது.

இஞ்ச் டேப் கேட்டுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தது. "அண்ணே, எனக்குச் சேர வேண்டியதையும் வச்சுத்தான் அவங்க விலை போட்டிருக்காங்க. நான் வராட்டா அது உங்களுக்கு வராது, அவங்ககிட்டயே தங்கிடும். அதை விடுங்க. மாதிரி வீடு எத்தனையோ அளந்தவன் நான். அண்ணி, அந்தச் சின்னப் பொண்ணை எழுப்பிட்டு அந்த இடத்துல நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க. அது அஞ்சரை அடியைத் தாண்டாது. ரூமுக்குக் கதவு எங்கேன்னு கேளுங்க. அந்தப் பலகைச் சுவருக்குப் பதிலா செங்கல் சுவர் வந்தா எவ்வளவு இடத்தைத் தின்னும்னு கேளுங்க."

கட்டில் சோபாவைப் பார்த்தது. மாதிரிக் கட்டில் வேலையில் இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது, அதுவும் ரூல்தான் என்று சோபா மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தது. கூடவே, பண்டிகைச் சலுகையாகத் தரும் திரைச்சீலைகள் புதன்கிழமை வரைக்கும்தான் என்றும் தெரிவித்தது.

"வாங்கண்ணே, வேற இடம் பார்ப்போம். அங்க முதல் நாளே மூணு பேரும் ஒண்ணாப் போவோம்" என்றது இஞ்ச் டேப்.

பீரோ மனைவியைப் பார்த்தது. கட்டில் அந்த அறை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பதினோரு வருஷம், தம்பி" என்றது பீரோ.

இஞ்ச் டேப் சரக்கென்று தனக்குள் சுருண்டுகொண்டு திரும்பிப் போயிற்று. அன்று மாலையே பீரோ நாற்பது பக்க ஒப்பந்தத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது.

பதினான்கு மாதம் கழித்துச் சாவி கிடைத்தது. கட்டில் தன் வலது கால்கள் இரண்டையும் முன்வைத்துப் படுக்கையறைக்குள் போயிற்று. பின்னாலேயே பீரோ. மாதிரி வீட்டில் பலகை இருந்த இடத்தில் இங்கே கனத்த சுவர். வெறும் வாசல் இருந்த இடத்தில், உள்பக்கமாகத் திறக்கும் ஒரு கதவு. பீரோ கால்மாட்டில் போய் நின்றது. தன் கதவைத் திறக்கப் பார்த்தது. அது மனைவியின் காலில் இடித்து, நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கட்டிலைத் தலைமாட்டுப் பக்கம் தள்ளினால் அறைக் கதவு சாத்த வரவில்லை. பீரோவை வெளியே எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது.

பீரோ இஞ்ச் டேப்பைத் தேடிப் போயிற்று. அது வந்து அளந்தது. ஒன்பது அங்குலம் குறைந்தது.

"எவ்வளவு குறையுதுன்னு இன்னிக்கு யார் வேணாலும் சொல்லிடலாம் அண்ணே. அன்னிக்குச் சொல்றதுதான் என் வேலை" என்றது. கோபம் யார் மேல் என்று அதன் குரலில் தெரியவில்லை.

பீரோ விற்பனை அறைக்குப் போய், தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கதவை அடித்துச் சாத்திப் பேசியது. சோபா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. ஒப்பந்தத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துக் காட்டியது. கடுகைவிடச் சிறிய எழுத்தில் அங்கே எழுதியிருந்தது: மாதிரி வீட்டிலுள்ள தளவாடங்கள் காட்சிக்கு மட்டுமே, அளவில் மாறுபடலாம்.

"அந்தக் கட்டில் ஆறேகால் அடின்னு வாயால சொல்லிச்சே!"

"நாங்க எழுதிக் குடுக்கலையே சார்."

"எங்க ஆளை நீங்க உள்ள விட்டிருந்தா அவன் சொல்லியிருப்பான்."

"உங்க ஆள் இல்லாம வந்தது நீங்கதானே சார்" என்றது சோபா. அதன் குரல் கடைசிவரை வெல்வெட்டாகவே இருந்தது.

வாடிக்கையாளர் வருந்தினால் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்காது என்றும் சொன்னது. கம்பெனியில் ஒரு ரம்பம் இருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் ஒன்பது அங்குலம் எடுத்துவிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். சேவை முற்றிலும் இலவசம்.

பீரோ திரும்பி வந்து, புது வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டது. மூன்று நாள் அப்படியே நின்றது. சுவர் புதிது, பழைய சுவரைவிடக் கனம். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கவில்லை.

நாலாம் நாள் கட்டில் அறை வாசல் வரை வந்தது.

"என்னங்க, அந்த ரம்பத்தை வரச் சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"வீட்டை வெட்ட முடியாது. நீங்க இரும்பு, உங்களையும் வெட்ட முடியாது. மிச்சம் நான்தானே."

இன்னொரு வீடு பார்க்கலாம் என்று பீரோ சொல்லத் தொடங்கியது. சொல்லும்போதே, இந்த வீட்டுக் கடனுக்காக இன்னும் இருபது வருடம் உழைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டது. கட்டில் பீரோவின் கதவிலிருந்த கண்ணாடியில் தன் முழு உருவத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டது. பிறகு உள்ளே போய்ப் படுத்தது.

மறுநாள் காலையில் ரம்பம் வந்தது. எவ்வளவு வெட்டுவது என்று குறித்துக் கொடுக்கக் கம்பெனி டேப்பும் கூட வந்தது. அது கட்டிலின் மேல் நீளமாகப் படுத்தது. இந்த முறை சுவருக்கு வெளியே ஆரம்பிக்கவில்லை. மாடிப்படியையும் லிஃப்டையும் சேர்த்துக்கொள்ளவில்லை. விளிம்பிலிருந்து சரியாக ஒன்பது அங்குலத்தில் ஒரு கோடு போட்டது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அளந்து பார்த்தது.

ஒரு நூல்கூடப் பிசகவில்லை.