ஜாமீன் கையெழுத்து

திருச்செங்கோட்டில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிறவர் பொன்னுரங்கம். பெரிய மகளின் கல்யாணக் கடனை அடைக்கவே அவருக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது சின்னவளுக்குக் கல்யாணம் பேச வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கந்தவேல், நாலு லாரிக்குச் சொந்தக்காரர். அவர்தான் பேசினார். "ஆயிரம் பேருக்காவது இலை போடணுங்க. கையில இல்லாட்டி என்ன, அஞ்சு லட்சம் கடன் வாங்குங்க. கட்டறது ஒரு பெரிய காரியமா?"

பொன்னுரங்கத்துக்கு வாதாடத் தெம்பில்லை.

"சரிங்க, வாங்கிடறேன். பைனான்ஸ்ல ஜாமீன் கேப்பாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா உடனே குடுத்துருவாங்க."

கந்தவேல் பதறிப்போனார். "அதெப்படிங்க? துணி தேய்ச்சு அஞ்சு லட்சத்தை நீங்க எந்தக் காலத்துல கட்டறது?"

"இதையே நான் சொல்லியிருந்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாப் போயிருக்குமுங்க. நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."

கந்தவேல் பக்கத்திலிருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவன், "கோயில்லயே வெச்சுக்கலாம் மாமா" என்றான்.

ஐப்பசியில் கல்யாணம் முடிந்தது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். கந்தவேல் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் பொன்னுரங்கம் மத்தியானம் வரை தூங்கினார். வட்டி கேட்டு யாரும் கதவைத் தட்டப் போவதில்லை.