உறைக்குள் கிடக்கும் வாக்கு

முதலில் கதையைக் கேளுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளாற்றுத்துறைத் தொகுதியில் இடைத்தேர்தல் நாள். பிற்பகல் மூன்று மணிக்குச் சுகந்தி பெட்டியும் கையுமாக வாக்குச்சாவடிக்குள் நுழைந்தாள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். வெளிநாட்டில் இருப்பவரும் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் வாக்கு. அவள் பாஸ்போர்ட்டோ முதலாளியம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பதினைந்து நாள் கெஞ்சி, ஒரு வார விடுப்போடு அதை வாங்கி வந்திருந்தாள்.

அப்படி என்ன அவசரம்? அவளுடைய ஐந்து வயது மகள் யாழினிக்கு மூச்சிரைப்பு. குழந்தை வளர்வது தங்கை மாலினியிடம். போன மழைக்காலத்தில் உதடு நீலம் பாரித்தபோது, தெருமுனை அரசு ஆஸ்பத்திரிக்கு மாலினி தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் பிள்ளை பிழைத்தது. அந்த ஆஸ்பத்திரியைப் பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோவேன் என்று கிளம்பியிருந்தார் வேட்பாளர் சிவக்கொழுந்து. விடமாட்டேன் என்று எதிர்த்து நின்றார் பத்மாவதி டீச்சர்.

சுகந்தி இதைப் போன மாதம் கைபேசியில்தான் பார்த்தாள். தங்கையிடம் பேச்செடுத்தால், சொல்லாமல் வந்து அசத்த நினைத்ததையும் உளறிவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். தூரத்தில் இருப்பவளைக் கலங்கடிப்பானேன் என்று மாலினியும் மூச்சு விடவில்லை. இரண்டு பேருமே அன்பினால் ஊமையானார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்தார். "உங்க ஓட்டு காலையிலேயே விழுந்துருச்சேம்மா."

சுகந்தி பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள். "காலையில நான் வானத்துல இருந்தேன் சார்! என் ஓட்டை யாரு போட்டது?"

பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குக் காகிதத்தில் ஒரு வாக்குச்சீட்டு உண்டு. அதை உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். எண்ணும்போது பிரிக்க மாட்டார்கள். நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். சுகந்தி டீச்சருக்கு முத்திரை குத்தினாள்.

வீட்டு வாசலில் மாலினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தோளில் விழுந்த அந்தக் கையைச் சுகந்தி பிடித்துப் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரலில் மை. பக்கத்து நடுவிரலிலும் மை.

"ரெண்டு விரல்ல என்னடி?"

"ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு உன்னோடதுக்கா!" என்றாள் மாலினி பெருமையாக.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டுத் தங்கையன். மகன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். படைவீரன் தனக்குப் பதிலாக வாக்களிக்க ஓர் ஆளை முறைப்படி நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. தங்கையன் தன் வாக்கைப் போட்டார், மகனுக்காகவும் போட்டார். அந்த இரண்டாவது வாக்குக்கு அதிகாரி நடுவிரலில் மை வைத்தார்.

"மாமா மகனுக்குப் போடுறாரே, நான் அக்காவுக்குப் போடலாமான்னு கேட்டேன். பேரு என்னன்னாரு. நான் மாலினி, அக்கா பேரு சுகந்தின்னேன். பட்டியலைப் பாத்துட்டு விரலை நீட்டச் சொன்னாரு. கையெழுத்தும் என் பேர்லதான் போட்டேன்."

"யாருக்குடி போட்டே?"

"நீ சொன்ன ஆளுக்குத்தான். அங்க வேலைக்குப் போன எடத்துல செத்துப்போன நம்ம ஊரு ராஜம் உடம்பைக் குவைத்துலேர்ந்து கொண்டுவந்தது சிவக்கொழுந்து அண்ணன்தான், போட முடிஞ்சா அவருக்குத்தான் போடுவேன்னு ரெண்டு மாசம் முன்னாடி சொன்னியே! எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. என் ஓட்டை டீச்சருக்குப் போட்டேன். உன்னோடது உன்னோடதுல்ல?"

சுகந்தி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாக்கு எண்ணிக்கை முடிந்தது. சிவக்கொழுந்து ஒரே ஒரு வாக்கில் வென்றார்! காலையில் விழுந்ததைக் கழித்து, உறையில் கிடப்பதைச் சேர்த்தால் டீச்சர் ஒரு வாக்கில் ஜெயிப்பார். டீச்சர் வழக்குப் போடத் தயார். ஆனால் காலையில் போட்டது யார் என்று நீதிமன்றம் கேட்கும். ஆள்மாறாட்டத்துக்குச் சிறை. மாலினி உள்ளே போனால் யாழினிக்கு யார்? ஆஸ்பத்திரி போனால் யாழினி என்னாவாள்? சுகந்தியின் விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

"வாயைத் திறந்தே, கொன்னுருவேன்," என்றாள் சுகந்தி. "என் ஓட்டு போனாப் போவுது. நீ போயிட்டா?"

"நானே போய் டீச்சர்கிட்ட சொல்றேன்," என்றாள் மாலினி. "உதடு நீலமானப்ப தூக்கிட்டு ஓடினவ நான். நீ பாக்கலக்கா."

தங்கையன் குறுக்கே வந்தார். "எதுக்குச் சொல்லணும்? துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு அப்பன் போடலாம், கரண்டி பிடிக்கிறவளுக்குத் தங்கச்சி போடக்கூடாதா? புள்ள போட்டது செல்லும்!"

வாயை மூடச் சொன்னவள், திறக்கப்போகிறவள், செல்லும் என்கிறவர். இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்? படித்தவர்களே, சொல்லுங்கள்.

*

விடை: மாலினி பக்கம். அவளைச் சிறைக்கு அனுப்பும் என்று சுகந்தி அஞ்சிய அதே நடுவிரல்தான் அவளுக்குச் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்கிறவள் தன்னை அக்கா என்று சொல்லியிருப்பாள். இவள் தன் பெயரைச் சொன்னாள், தன் பெயரில் கையெழுத்திட்டாள். மற்றவருக்காக வாக்களிப்பவருக்கு வைக்கும் விரலில் மை வைத்தபோதே, எதிரே நிற்பது சுகந்தி இல்லை என்று அதிகாரிக்குத் தெரியும். நியமனத் தாளும் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டும் கேட்கவில்லை. பதில் சொல்லவேண்டியவர் அவர். தங்கையன் சொல்வதும் செல்லாது. இரண்டு மாதத்துக்கு முந்தைய பேச்சு வாக்கு ஆகாது, மனம் மாறும் உரிமையும் சேர்ந்ததுதான் வாக்கு. சுகந்தி வாயை மூடினால், தன் வாக்கை இரண்டாம் முறையாக, இம்முறை தன் கையாலேயே இழப்பாள். ஆனால் கரண்டி பிடிக்கிறவளைப் பற்றித் தங்கையன் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. சட்டம் எழுதுகிறவர்களிடம் கேளுங்கள். அவர்களில் யாரும் வாக்களிக்க முதலாளியின் அலமாரிச் சாவிக்குக் காத்திருந்ததில்லை.