அழுங்கும் யானை கொடுத்த இலையும்

நாவல்சரிவுக் காட்டில் ஒரு தாய் அழுங்கும் அதன் மகளும் வாழ்ந்தன. மகளின் பெயர் செதிலி. அவற்றுக்குச் சொந்தமாக மூன்று கறையான் புற்றுகள் இருந்தன. எறும்புதின்னி என்று சொல்கிறார்களே, அந்த அழுங்குக்குக் கறையானும் எறும்பும்தான் சோறு. வேறு எதையும் அதனால் தின்ன முடியாது. அதற்குப் பல்லே கிடையாது.

அஞ்சினால் அழுங்கு பந்துபோலச் சுருண்டுகொள்ளும். செதிலி பிறந்ததிலிருந்து ஏழு முறை சுருண்டிருக்கிறது. ஏழு முறையும் சிறுத்தையைக் கண்டுதான்.

அதே காட்டில் ஒரு நரி, பெரிய பாறை ஒன்றின் அடியில், குழி தோண்டக் கற்பிக்கும் பள்ளி நடத்தியது. நரிக்கு நன்றாகத் தோண்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பாறையில் அது கீறி வைத்திருந்த கோடுகளைத்தான் எல்லா விலங்குகளும் அண்ணாந்து பார்த்தன. ஒரு கோடு என்றால் ஒரு வேலை.

"சென்ற ஆண்டு படித்த பிள்ளைகள் அனைவருக்கும் வேலை!" என்றது நரி. "வேலை தேடி நீங்கள் அலைய வேண்டாம். வேலை கொடுக்கிறவர்களே தை மாதம் இந்தப் பாறைக்கு வருவார்கள். காட்டெருமை வரும், காட்டுப்பன்றி வரும், யானையே வரும்!"

"யானையா!" என்று வாய் பிளந்தது தாய் அழுங்கு.

"யானைதான், அம்மா! மூன்று ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு ஒரு புற்று. அவ்வளவுதான்!"

நரி கறையான் தின்பதில்லை. புற்றைக் கரடிக்குக் கொடுத்துத் தேனடை வாங்கிக்கொள்ளும்.

தாய் அழுங்கு முதல் ஆண்டு ஒரு புற்றைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு இன்னொன்றைக் கொடுத்தது. மூன்றாவதை மட்டும் விடவில்லை. "அதுவும் போனால் கோடையில் நாம் என்ன தின்பது? உனக்கு வேலை கிடைத்த அன்று கொடுக்கிறேன்" என்றது.

வகுப்பில் இருபத்து நாலு விலங்குகள் படித்தன. செதிலி தன் வாலால் அளந்து அளந்துதான் தோண்டும். பதினோரு வால் ஆழம் என்றால் பதினோரு வால்தான். ஒரு செதில் அளவு கூடாது, குறையாது.

பக்கத்துக் குழியில் தோண்டும் பெருச்சாளி சிரிக்கும். "ஏ செதிலி! குழிக்குள் இறங்கி யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?"

"யானை பார்க்கும்!" என்று செதிலி பதில் சொல்லும்.

தை மாதம் பிறந்தது. மலைக்கு அப்பாலிருந்து கொம்பன் யானை வந்தது. கோடையில் ஆறு வற்றினால் மணலில் ஊற்றுக்குழி தோண்ட அதன் கூட்டத்துக்கு ஆள் வேண்டும். கறையான் தின்பவருக்குக் கூலி நாளுக்கு ஒரு புற்று என்று அது அறிவித்தது.

செதிலி தன் குழியின் விளிம்பில் நின்றது. அன்று விடியற்காலையிலிருந்து தோண்டிய குழி.

"உன்னைப் பற்றி மூன்று மூச்சில் சொல்!" என்றது கொம்பன்.

"என் பெயர் செதிலி. பதினோரு வால் ஆழம் தோண்டியிருக்கிறேன். பார்க்கிறீர்களா?"

"குழியைப் பிறகு பார்க்கலாம். நகத்தைக் காட்டு!"

செதிலி நகத்தைக் காட்டியது. கொம்பன் ஒரு தேக்கிலையை எடுத்தது. தும்பிக்கையைச் சேற்றில் தோய்த்து அதன்மேல் ஒரு முத்திரை வைத்தது.

"இதைப் பத்திரமாக வைத்துக்கொள். நேரம் வரும்போது அழைப்போம். மலை உச்சியில் மூன்று முறை பிளிறுவோம். இலையோடு வந்துவிடு!"

குழியைப் பார்க்காமலேயே அது நகர்ந்துவிட்டது.

அந்த வாரம் யானை ஒன்பது இலை கொடுத்தது. காட்டெருமை நாலு கொடுத்தது. காட்டுப்பன்றி ஐந்து கொடுத்தது. ஆக மொத்தம் பதினெட்டு. ஆறு விலங்குகளுக்கு இலை இல்லை. பெருச்சாளியும் அந்த ஆறில் ஒன்று.

நரி பாறையில் பதினெட்டுக் கோடு கீறியது. "இந்த ஆண்டும் அனைவருக்கும் வேலை!" என்று ஊளையிட்டது.

செதிலி கோடுகளை எண்ணியது. மறுபடியும் எண்ணியது. "ஐயா, நாங்கள் இருபத்து நாலு பேர். கோடு பதினெட்டுதானே இருக்கிறது?"

"மற்ற ஆறு பேருக்கும் வேலையில் விருப்பம் இல்லை. விருப்பம் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்ப்பது பாவம், பிள்ளை!"

"எனக்கு விருப்பம் இருக்கிறதே!" என்று கத்தியது பெருச்சாளி.

"பார்த்தாயா, எதிர்த்துப் பேசுகிறாய்! இப்படிப் பேசினால் யார் இலை கொடுப்பார்கள்?"

செதிலிக்கு அந்தக் கணக்கு உதைத்தது. ஆனால் அதன் கையில் இலை இருந்தது. தனக்குக் கிடைத்த பிறகு அடுத்தவர் கணக்கு எதற்கு? அது வாயை மூடிக்கொண்டது.

இலையைப் பார்த்ததும் தாய் அழுங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே மூன்றாவது புற்றையும் நரியிடம் ஒப்படைத்தது. பிறகு சரிவு முழுவதும் இறங்கி ஏறியது. வழியில் கண்ட முயலிடம் சொன்னது, மயிலிடம் சொன்னது, காது கேளாத கிழ ஆமையிடமும் நின்று சொன்னது.

"என் மகள் யானை வேலைக்குப் போகிறாள்! நாளுக்கு ஒரு புற்று! இலை வந்தாயிற்று, இனி எனக்கு என்ன குறை?"

மாசி மாதம் முள்ளம்பன்றி பாறைக்கு வந்தது. "எனக்குக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. பெரிய வளை தோண்ட ஓர் ஆள் வேண்டும். நாளைக்கே தொடங்க வேண்டும்" என்றது. செதிலியைப் பார்த்து, "அம்மா, உன் குழியைப் பார்த்தேன். உள்ளே இறங்கியே பார்த்தேன். என் வளைக்குப் பின்னால் ஒரு சின்னப் புற்று இருக்கிறது. எனக்கு அது எதற்கு? கூலியாக நீயே வைத்துக்கொள்" என்றது.

செதிலியின் நாக்கு ஊறியது. "போகட்டுமா, ஐயா?" என்று நரியைக் கேட்டது.

"அதெப்படி! ஓர் இலை வாங்கியவர் இன்னொருவர் முன்னால் நிற்கக்கூடாது. அது பள்ளியின் சட்டம்! மீறினால் யானை அடுத்த ஆண்டு இந்தப் பக்கமே வராது!"

செதிலி வளைக்கு வந்து தாயிடம் சொன்னது. தாய் சீறியது. "யானை வேலைக்குப் போகிறவள் முள்ளம்பன்றிக்கு வளை தோண்டுவாளா? நாலு பேர் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?"

மறுநாள் பெருச்சாளி தானாகவே முள்ளம்பன்றியின் வாசலுக்கு நடந்து போனது. எந்தப் பள்ளியும் அனுப்பவில்லை, எந்த இலையும் இல்லை. "தோண்ட வந்திருக்கிறேன். எங்கே தொடங்கட்டும்?" என்று கேட்டது. கிழங்கு கூலி. அன்று மாலையே அது வயிறு நிறையத் தின்றது.

பங்குனியில் ஆறு இறங்கத் தொடங்கியது. செதிலி தினமும் போய் நீருக்குள் வாலை விட்டு அளந்தது. மூன்று வால். இரண்டரை வால். ஒன்றே முக்கால்.

"இன்னும் ஐந்தாறு நாள்தான், அம்மா! யானை பிளிறிவிடும்!"

தாய் அழுங்கு எலும்பும் செதிலுமாகக் கிடந்தது. பாதை ஓரத்து எறும்புகளை வைத்துத்தான் இருவரும் காலம் தள்ளினார்கள். "காதைத் தீட்டி வைத்துக்கொள், கண்ணு. பிளிறுவது கேட்காமல் போய்விடப்போகிறது" என்றது தாய்.

ஐந்தாம் நாள் இடி இடித்தது. கோடை மழை கொட்டியது. ஒரு நாள் அல்ல, பதினாறு நாள் கொட்டியது. மயில் ஆடியது. தவளை பாடியது. காடே குளிர்ந்தது. யானை இலை வாங்கிய ஒன்பது விலங்குகள் மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டின.

மழைக்கு ஈசல் கிளம்பியது. அழுங்குகளுக்கு இரண்டு நாள் வயிறு நிறைந்தது. ஈசல் எத்தனை நாளைக்கு வரும்?

செதிலி இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலை ஏறியது. உச்சியைத் தாண்டி இறங்க மூன்று நாள் ஆயிற்று. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கொம்பன் அதில் குளித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நான் செதிலி. நீங்கள் இலை கொடுத்தீர்கள்."

"கொடுத்தேனா? சரி, கொடுத்திருப்பேன்."

"எப்போது வேலைக்கு வரட்டும்?"

"நீர் இவ்வளவு ஓடுகிறதே, ஊற்றுக்குழி எதற்கு?"

"அழைப்போம் என்றீர்களே!"

"அழைப்போம் என்றேன். இந்தக் கோடையில் என்று சொன்னேனா?" கொம்பன் தும்பிக்கையால் நீரை வாரி முதுகில் இறைத்தது. "இலையைப் பத்திரமாக வைத்துக்கொள்!"

திரும்பி வந்து செதிலி நரியிடம் முறையிட்டது. "ஐயா, வேலை இல்லை என்கிறார்கள்! என் அம்மாவின் புற்று ஒன்றையாவது திருப்பிக் கொடுங்கள்!"

"இலை வாங்கித் தந்தேனா, இல்லையா?"

"தந்தீர்கள்."

"அதோடு என் வேலை முடிந்தது. மழை பெய்ததற்கு நான் பொறுப்பா?"

செதிலி முள்ளம்பன்றியின் வாசலுக்கும் போனது. வளை தோண்டி முடிந்திருந்தது. பெருச்சாளி வெளியே வந்து, "அன்றைக்கே வந்திருக்கக்கூடாதா, செதிலி? நீ வந்திருந்தால் என்னை யார் எடுத்திருப்பார்கள்?" என்றது. பின்னாலிருந்த சின்னப் புற்றை மழை கரைத்துவிட்டிருந்தது.

மற்றவர்கள் கதி என்ன என்று செதிலி விசாரித்தது. காட்டெருமையின் இலை வாங்கிய நாலு பேரும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றியின் இலை வாங்கிய ஐந்து பேரும் வேலையில்தான் இருந்தார்கள். ஆனால் குழி தோண்டவில்லை, பன்றிகளின் முதுகில் உண்ணி பொறுக்கினார்கள். யானையின் இலை வாங்கிய ஒன்பது பேரும் வீட்டில் இருந்தார்கள். பாறையில் மட்டும் பதினெட்டுக் கோடும் அப்படியே இருந்தன.

வைகாசியில் தாய் அழுங்குக்குக் கண் மங்கியது. நாக்கை நீட்டவும் தெம்பில்லை. ஒரு மாலை செதிலிக்கு வளையின் மூலையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மொறுமொறுவென்று மெல்லிய சத்தம். தேக்கிலையைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. முத்திரை இருந்த இடம் பாதி போய்விட்டது.

செதிலி இலையைத் தூக்கித் தாயின் வாயருகே உதறியது. எண்ணிப் பார்த்தது. நாற்பத்தொரு கறையான்கள். ஒன்றைக்கூடத் தான் தின்னவில்லை.

தாய் மெதுவாக நக்கியது. "ருசியாக இருக்கிறதே, கண்ணு. யானை கொடுத்ததா?"

"ஆமாம், அம்மா. யானை கொடுத்ததுதான்."

"நான்தான் சொன்னேனே!" என்றது தாய்.

மறுநாள் நரி வந்தது. "இன்று புதிய பிள்ளைகளைச் சேர்க்கிறோம். நீ பாறைமேல் வந்து உட்கார். பேசக்கூட வேண்டாம். மடித்த இலை நிறைய எறும்பு முட்டை தருகிறேன். உன் அம்மாவுக்கு ஆகும்" என்றது.

செதிலி போய் உட்கார்ந்தது.

சரிவிலிருந்து விலங்குகள் குட்டிகளோடு வந்து கூடின. "இதோ பாருங்கள்! யானையின் இலை வாங்கிய செதிலி!" என்று முழங்கியது நரி. "அதோ, அதன் கோடு!"

கூட்டத்திலிருந்து ஒரு வெள்ளெலித் தாய் முன்னால் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி நின்றது. "தாயே, எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தானியக் குழிதான். அதைக் கொடுத்து இவனைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். நீ சொல். யானை வேலை எப்படி இருக்கிறது?"

செதிலி வாயைத் திறந்தது. இருபத்து நாலு, பதினெட்டு, ஒன்பது, நாலு. எல்லா எண்ணும் அதன் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் கூட்டத்தில் முயல் இருந்தது, மயில் இருந்தது, கிழ ஆமையும் இருந்தது. தாய் யார் யாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதோ அவை எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

செதிலி சுருண்டுகொண்டது. அது எட்டாவது முறை. ஒரு வெள்ளெலியைக் கண்டு.

"பார்த்தீர்களா!" என்று சிரித்தது நரி. "யானை வேலை கிடைத்தும் எவ்வளவு அடக்கம்! இதுவும் எங்கள் பள்ளியில் கற்றதுதான்!"

"இப்படி அடக்கமான பிள்ளையாக நீயும் வர வேண்டும்" என்று வெள்ளெலி தன் குட்டியின் தலையைத் தடவியது. பிறகு தானியக் குழி இருக்கும் இடத்தை நரிக்குச் சொல்லிக்கொடுத்தது.

செதிலிக்குள் ஒரே இருட்டு. வெளியே ஒவ்வொன்றாக விலங்குகள் வந்து பெயர் கொடுப்பது கேட்டது. அது எண்ணிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்று வரை எண்ணியது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

வேலை தருகிறோம் என்ற வாக்கையே வேலை என்று நம்பி, கையில் இருப்பதை விடுகிறவர் பட்டினி கிடப்பார். பட்டதை வெட்கப்பட்டு மறைக்கிறவரோ அடுத்தவரையும் பட்டினி போடுவார்.