மூன்றாவது ஊலாங்

"இன்னும் எத்தனை தடவை, அம்மா?"

வெய்ஷான் தோள்மூட்டையை இறக்கக்கூட இல்லை. மடத்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

குரு ஜிங்லான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். வெய்ஷானைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் இந்த ஆறு வருடமாக வெய்ஷானுக்கு அவர்தான் குரு.

"முதலில் உட்காருங்கள்," என்றார்.

வெய்ஷான் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு நடந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

சித்திரை வாக்கில் ஒருநாள் அவர் குருவிடம் கேட்டிருந்தார்: "கீழே ஆற்றங்கரையில் ஒரு குடிசை போட்டு, நானும் நாலு பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கலாமா?"

"நல்ல ஊலாங் தேயிலை வாங்கி வாருங்கள். பிறகு பார்க்கலாம்."

எந்த ஊர், எந்தத் தோட்டம், என்ன விலை, ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தடவை சந்தைக்குப் போனார். போக இரண்டு நாள், வர மூன்று நாள். இலை ஒவ்வொன்றும் மிளகுபோல உருண்டு திரண்டிருந்தது. வெந்நீர் பட்டதும் அறை முழுக்கப் பூ வாசம். இருவரும் ஆளுக்கொரு கிண்ணம் குடித்தார்கள்.

"இது இல்லை," என்றார் குரு.

இரண்டாவது தடவை, சந்தையே வேண்டாம் என்று, பாறை இடுக்குகளில் தேயிலை விளைகிற ஊருக்கே போனார். அங்கே ஒருவர் கரித்தணலின் மேல் மூங்கில் கூடையை வைத்து இலையை வாட்டிக்கொண்டிருந்தார்.

"இலையில் ஏறிய நெருப்பு வாசம் அடங்கட்டும், ஐயா. இரண்டு மாதம் கழித்து வந்து வாங்குங்கள்."

"இரண்டு மாதமா? இப்போதே கொடுங்கள்."

அதையும் இருவரும் குடித்தார்கள்.

"இதுவும் இல்லை."

இப்போது மூன்றாவது தடவை. நகரத்திலேயே பெரிய கடை. சிவப்பு முத்திரை வைத்த பெட்டி. வெய்ஷான் முத்திரையை உடைத்து, தன் கையாலேயே வெந்நீர் ஊற்றினார். இருவரும் குடித்தார்கள்.

குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இல்லை."

கோபப்படக்கூட வெய்ஷானுக்குத் தெம்பில்லை.

"என்ன குறை, அம்மா? அதையாவது சொல்லுங்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி என்னால் ஆகாது. காலையில் என் தம்பி வீட்டுக்கே போய்விடுகிறேன். குறை என்ன என்று தெரிந்துகொண்டாவது போகிறேன்."

"குறை எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு வாசம், ருசி எதுவும் தெரியாமல் போய்விட்டது. தேநீரும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான்."

வெய்ஷான் அவரையே பார்த்தார்.

"அப்படியானால் மூன்று தடவையும் எதை வைத்து இல்லை என்றீர்கள்?"

"நீங்கள் குடிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன்."

வெய்ஷான் குனிந்து தன் கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு மடக்குதான் குறைந்திருந்தது.

"கடையில் குடித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் குரு.

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

வாசம் மூக்கோடு நின்றுவிட்டது. தொண்டைக்குள் இறங்கவே இல்லை. முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கடைக்காரரிடம் "கட்டுங்கள்" என்றார்.

"இது இல்லை என்று தெரிந்தது, அம்மா."

"பிறகு ஏன் வாங்கினீர்கள்?"

அடுப்பில் தண்ணீர் மறுபடி கொதித்தது. வெய்ஷான் அதை இறக்கிவைத்தார்.

"எதையாவது வாங்கிக்கொண்டு இங்கே திரும்பி வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது."