அரசர் போர்வையில் அலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால், "எங்கள் ஊரைத்தானே சொல்கிறாய்?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிடித்தது. பலவண்ணப் பட்டுத் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை வேண்டும். சுற்றிலும் சிவப்புப் பட்டில் அகலமாகக் கரை வைக்க வேண்டும். கரை தட்டையாகப் படிந்து கிடக்க வேண்டும்.

போர்வை வந்தது. நடுப்பகுதி நன்றாகத்தான் இருந்தது. கரைதான் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நெளிந்து நின்றது. அரசர் அதை விரித்துப் படுத்துப் பார்த்தார். "பரிசலில் படுத்த மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். தையற்காரர் அங்கப்பன் கரையைப் பிரித்தார், மறுபடி தைத்தார். மறுபடியும் அதே நெளிவு.

அரண்மனை விகடகவி சோணாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அரசே, அலை வந்துவிட்டது, இனி மீன்தான் பாக்கி" என்று சபையில் சொல்லிவிட்டான். சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. சோணாசலத்தின் மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பிரதானி உத்தண்டருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"வேந்தே, குறை சொல்லத் தெரிந்தவருக்குத் திருத்தவும் தெரிந்திருக்கும். இப்பொறுப்பை விகடகவியிடமே ஒப்படையுங்கள். ஆனால் மன்னருக்கென்று அளந்த கரையில் கத்தரி படலாகாது. அது ராஜதுரோகம்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர். "சோணாசலம், பௌர்ணமிக்குள் கரை அலையின்றிக் கிடக்க வேண்டும். இல்லையேல் நீயும் தையற்காரரும் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

வீட்டுக்கு வந்தால் மனைவி வெள்ளச்சி பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, அந்த மீனைப் பத்தி உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? ஊர்ல அவனவன் வாயை வச்சுப் பிழைக்கிறான். நீ வாயை வச்சுக் குடியைக் கெடுத்துட்டியே! எருமை வேற சினையா நிக்குது. அதையும் ஓட்டிக்கிட்டு எந்த நாட்டுக்குப் போறது?"

சோணாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தையற்சாலைக்கு நடந்தான்.

"உண்மையைச் சொல்லுமய்யா, கோளாறு உம்ம கையிலயா, துணியிலயா?"

"ரெண்டுலயும் இல்லீங்க, அளவுல." அங்கப்பன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போர்வை ஓரம் கைபட்டுக் கைபட்டு இழுத்து நீண்டுடும். அதனால ஓரத்தை அளக்கக் கூடாது, நடுவுல அளந்து அந்த அளவுக்குத்தான் கரையை வெட்டணும். நானும் நடுவுலதான் அளந்தேன். ஆனா ராஜாவுக்கு எதை அளந்தாலும் முழத்துக்கு நாலு விரல் சேர்க்கணும்னு பிரதானி ஒரு வழக்கம் வச்சிருக்காரே, மேன்மை விரல்னு! அவ்வளவு நீளக் கரையை இத்துனூண்டு ஓரத்துல ஏத்தினா நெளியாம என்ன செய்யும்?"

"இதைச் சபையில சொல்ல வேண்டியதுதானே?"

"மேன்மை ஜாஸ்தியாப் போச்சுன்னு ராஜா மூஞ்சிக்கு நேரா நானா சொல்றது? நல்லாச் சொன்னீங்க போங்க!"

இது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அரசரின் செருப்பு வழியெல்லாம் கழன்று விழும், அங்கி காலைத் தடுக்கும். பார்த்தவர்களோ, "ஆகா, என்ன ராஜநடை!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

சோணாசலம் போர்வையின் நடுவில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று கயிறு பிடித்து அளந்தான். கயிற்றோடு பட்டுக் கிடங்குக்குப் போய், "பட்டத்து யானை பவளக்கொடி பேருக்கு இந்த அளவில் சிவப்புக் கரை வேண்டும்" என்றான். கிடங்குக்காரர் கயிற்றளவுக்குக் கச்சிதமாக வெட்டிக் கொடுத்தார். யானைக்கு யார் மேன்மை விரல் சேர்ப்பார்கள்? அது என்ன, பதவியா கொடுக்கப் போகிறது?

அங்கப்பன் பழைய கரையைத் தையல் பிரித்து எடுத்தார். புதுக்கரையின் நடுவைப் போர்வை ஓரத்தின் நடுவோடும், முனையை முனையோடும் ஊசி குத்தி நிறுத்தினார். இடையில் இருந்ததைக் கையால் நீவி நீவித் தைத்தார். கரை படிந்து கிடந்தது.

பௌர்ணமியன்று சபையில் போர்வையை விரித்தார்கள். அரசர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், அதன் மேல் ஒருமுறை புரண்டும் பார்த்தார். அலையே இல்லை. உத்தண்டருக்கு முகம் செத்துவிட்டது. அளவுகோலைப் பிடுங்கி அளந்தவர் கத்தினார்:

"துரோகம் வேந்தே! இவன் தங்களுக்குச் சரியான அளவில் கொடுத்திருக்கிறான்!"

"இல்லை அரசே," என்றான் சோணாசலம். "இந்தக் கரை தங்களுக்கு அளந்ததன்று. தங்கள் யானைக்கு அளந்தது."

"யானைக்கா?" அரசரின் மீசை துடித்தது. "அப்படியானால் எனக்கு அளந்த கரை எங்கே?"

சோணாசலம் கக்கத்திலிருந்த பழைய கரைச் சுருளை எடுத்து, அரியணையிலிருந்து வாசல்வரை தரையில் உருட்டிவிட்டான். கரை நூல் பிடித்த மாதிரி நேராக விரிந்தது.

"இதோ அரசே. கத்தரி படவில்லை. ஆணைப்படி அலையின்றிக் கிடக்கிறது. மேன்மையைத் தனியாக விட்டால் ஒழுங்காகத்தான் கிடக்கிறது. தங்களோடு சேர்த்துத் தைத்தால்தான் நெளிகிறது."

அரசர் கரையைப் பார்த்தார். கழன்று கிடந்த தம் செருப்பைப் பார்த்தார். காலடியில் குவிந்து கிடந்த அங்கியைப் பார்த்தார். உத்தண்டர் பக்கம் திரும்பினார்.

"பிரதானியாரே, இத்தனை வருஷமாக என்னைத் தடுக்கி விழ வைத்தது இந்த நாலு விரல்தானா? இனி எனக்கும் சரியாகவே அளக்க வேண்டும்."

உத்தண்டர் இடுப்பு ஒடியக் குனிந்தார். "உத்தரவு வேந்தே! மற்றவர்களுக்கெல்லாம் சரியாக அளப்போம். தங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சரியாக அளப்போம்!"

அரசர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அங்கப்பனுக்குப் பட்டாடை தரச் சொன்னார்.

"சோணாசலம், உன்னை எங்கே நாட்டை விட்டுத் துரத்துவது? ஆற்றோரத்தில் பிரதானியார் மாந்தோப்பை ஒட்டிய அரண்மனை நிலம் உனக்கு. பிரதானியாரே, நீரே போய் அளந்து கொடும். அதை மட்டும் பழைய வழக்கப்படி முழத்துக்கு நாலு விரல் சேர்த்து அளக்க வேண்டும்."

அந்த நிலத்துக்கு ஒரு பக்கம் ஆறு, இரண்டு பக்கம் ராஜபாட்டை, மிச்சம் ஒரு பக்கம் பிரதானியார் தோப்பு. கூடுகிற விரலெல்லாம் எந்தப் பக்கம் போகும் என்று உத்தண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தம் மாமரங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின.